பொட்டு வைத்த ஸ்பிட்ஃபயர்

ஹவுன்ஸ்லோ
30.10.93

அன்பு மகள் சிவகௌரிக்கு,

என் முழங்காலைத் தவிர நானும் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் சுகம். ரொறன்ரோக் குளிரில் நீயும் தொப்பி போட்டுக்கொண்டு சுகமாயிருக்க வேண்டும்.

மெய்யப்பனைக் கட்டச் சம்மதமா என்று கேட்டிருந்தாய். பொறு பிள்ளை, முதலில் விமானக் கதை. உன்னோடு இங்கே படித்த அந்த மலேசியப் பெடியன் போன மாதம் எங்களைப் பார்க்க வந்தபோது, அப்பாவுக்குப் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிற பைத்தியம் என்று நீ சொல்லிக்கொடுத்தபடி, யப்பான் பெட்டி ஒன்றோடு வந்தார். உள்ளே ஸ்பிட்ஃபயர், ஹிட்லரோடு சண்டை பிடித்த அந்த இங்கிலீஷ் விமானம். நான் ஒட்டி முடித்திருந்த இங்கிலீஷ் பெட்டியிலும் அதே ஸ்பிட்ஃபயர்தான்! பெடியனில் பிழை பிடிக்க முடியவில்லை, பெட்டியிலாவது பிடிப்போம் என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கட இங்கிலீஷ் பெட்டியில் செட்டைக்கும் உடம்புக்கும் நடுவே அரிசி போகிற இடைவெளி, ஓரமெல்லாம் பிளாஸ்டிக் பிசிறு, விமானி இருக்கிற கண்ணாடி மூடி புகை பிடித்த மாதிரி. அவர் தந்ததோ பசை பூசமுன்னமே பொருந்தி நிற்கிறது, சனியன்! எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அம்மாவுக்கு வேறு எரிச்சல். யாழ்ப்பாணத்தில பெடியளே இல்லையோ என்று ஒரே புறுபுறுப்பு. சரஸ்வதி பூசைக்கு உன் பழைய புத்தகங்களோடு, நான் பெயின்ற் அடித்துக் காயவிட்ட யப்பான் விமானத்தையும் கும்பத்தடியில் வைத்து, இரண்டு செட்டையிலும் சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டா. பெயின்ற் காயவில்லை, பொட்டு அப்படியே பிடித்துவிட்டது. நான் குதித்த குதி! பெயின்ற் கரைக்கிற தின்னரைத் தொட்டுத் துடைக்கப் போகிறேன், அந்த நேரம் பார்த்து, பூசைக்கு அம்மா வேண்டாவெறுப்பாக அழைத்திருந்த மெய்யப்பன் வந்து நிற்கிறார். தான் தந்த சாமானின் கோலத்தைப் பார்த்து முகம் சுழிப்பார் என்று நினைத்தேன். சுழிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்து, அம்மா வச்ச பொட்டை அழிக்காதீங்க அங்கிள், நல்ல நாளும் அதுவுமா, என்றார். அம்மா குசினிக்குள் நின்று கேட்டிருக்கிறா. பிறகென்ன, அவருடைய தட்டில் மோதகம் மலையாகக் குவிந்தது, எனக்கு ஒன்றே ஒன்று.

அவர் போனதும், பெடியன்ர தாய்தகப்பன் எப்ப லண்டனுக்கு வருவினம் எண்டு கேளுங்கோவன் என்றா அம்மா. கேட்டேன், தை மாதம் வருகிறார்களாம். நீயும் லீவு எடுக்கப் பார்.

சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. நல்லாயிரு பிள்ளை, நூறு வயது வாழ். இங்கிலீஷ் விமானம் அலுமாரிக்கு மேலே தூசி பிடிக்கிறது, மற்றது சாமியறையில். அதற்குச் சக்கரம்தான் இன்னும் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்து ஒட்டுவார்.

உன் அப்பா
பரமேஸ்வரன்