சலவைச் சட்டை

14-10-1966, வெள்ளி

போரில் இடுப்புக்குக் கீழே அசைவற்றுப்போன என் மகன் டேனியலைப் பார்க்க இன்று அதிகாரி வந்தார். அவனைக் கவனிக்கவே மருமகள் எஸ்தர் பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டாள். அவளுக்குத்தான் உதவிப்படி கேட்டிருக்கிறோம்.

வீட்டுக்கு ஆள் வருகிறாரே என்று அவனுக்குச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு உட்காரவைத்திருந்தோம். அதுவே வினையாகிவிட்டது.

"ஆள் ஜம்முன்னு இருக்காரே டீச்சரம்மா! துணைக்கு ஆள் எதுக்கு?"

"பெருக்கின வகுப்பைப் பாத்துட்டு, பெருக்குறவ வேண்டாம்பீகளா?" என்றேன். சிரித்தபடி, கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

"அடுத்த தடவை அழுக்காவே விட்டுருவமா அத்தை?" என்றாள் எஸ்தர்.

"மூக்கைப் பொத்திக்கிட்டே கையெழுத்துப் போடுவாரு," என்றான் டேனியல்.

விடமாட்டேன். மறுபடி மனுப் போடுவேன். அன்றைக்கும் சவரம் உண்டு, சலவைச் சட்டை உண்டு. ஆனால் அவர் விடியுமுன், இவனைக் குளிப்பாட்டத் தூக்கும் நேரத்துக்கு வரட்டும். எஸ்தர் தலைப்பக்கம் தூக்குவாள். கால்பக்கம் அவர் பிடிக்கட்டும்.