ஏறிக்கொண்டே போன தண்டனை

4 ஆகஸ்ட், திங்கள்

காலையிலிருந்தே தூறல். புக்கிட் ரம்பாயில் பேருந்து தாமதம். காலணியெல்லாம் சேறு.

இடைவேளையில் கேன்டீனில் சண்டை. ஐந்தாம் படிவ மாணவர்கள், முகிலனும் ஹக்கிமும். வரிசையில் தள்ளுமுள்ளு. ஹக்கிம் நம்மவர்களை இழிவாகச் சொல்லும் அந்த மலாய் வார்த்தையை விட்டான். முகிலன் பதிலுக்கு அவன் மதத்தை இழுத்தான், பிறகு குத்தினான். ஹக்கிம் தட்டால் அடித்தான். ஹக்கிமுக்கு உதடு கிழிந்தது, முகிலனுக்குப் புருவம். இரண்டு மேசை தள்ளி நான், வாய் நிறைய மீ கோரெங் நூடுல்ஸ். பட்டம் வாங்கி, தற்காலிக ஆசிரியையாகி இரண்டு மாதம். "நிறுத்து" என்று கத்தக்கூட வரவில்லை. மீயை விழுங்கினேன், அவ்வளவுதான்.

அம்மா, தொழிற்சாலையிலிருந்து வந்ததும்: "ரெண்டு பேரோட அப்பனையும் கூப்ட்டு நாலு போடணும். வீட்ல பேசாததா பிள்ளைங்க வாயில வருது?"

வாங்க: குடை. சிவப்புப் பேனா. அப்பாவுக்கு மூட்டுவலி எண்ணெய்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஒழுங்குக் குழுக் கூட்டம். நேரில் பார்த்தவள் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். வரும் திங்கட்கிழமை எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வுக்கான சோதனைத் தேர்வு தொடக்கம். இப்போது வெளியே அனுப்பினால் இருவருக்கும் வருடமே போச்சு.

ஒழுங்காசிரியர் குணா சார் முதலில்: கை நீட்டியது முகிலன், அவனுக்கு ஒரு வாரம் இடைநீக்கம். மலாய்க்காரரான துணைத் தலைமையாசிரியை சிகு ரோஹானா (இங்கே டீச்சருக்கு சிகு) விடவில்லை: வாயை விட்டது ஹக்கிம், அவனுக்கு இரண்டு வாரம். கு. சார்: அப்படியானால் முகிலனுக்கும் இரண்டு, கூடவே பிரம்படி. சிகு ரோ.: ஹக்கிமை வேறு பள்ளிக்கு மாற்றலாம். கு. சார்: முகிலனைப் பள்ளியை விட்டே நீக்கலாம்!

ஏலக்கடை தோற்றது. தன் இனத்துப் பக்கம் சாய்ந்தார் என்ற பெயர் வரக்கூடாது, இருவருக்கும். இவர்கள் நேர்மை ஏற ஏற, காலியாவது பையன்கள்.

வெளியே வந்து கு. சாரிடம், ஏன் இவ்வளவு கடுமை என்று மெதுவாகக் கேட்டேன். "கம்மி பண்ணா, நம்மாளுன்னு காப்பாத்திட்டான்னு சொல்வாங்கம்மா. உனக்குத் தெரியாது."

இருவரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்: மன்னிப்பு அலுவலக அறைக்குள். மற்ற முடிவு வியாழன்.

6 ஆகஸ்ட், புதன்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

முகிலன் ஆசிரியர் அறை வாசலில் நின்றான், புருவத்தில் பிளாஸ்டர்.

"ரோத்தான் அடி குடுங்க டீச்சர், வாங்கிக்கிறேன். பரீட்சை மட்டும் எழுதணும். ஆனா அவன் கேன்டீன்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னான். மன்னிப்பு மட்டும் ஆபிஸ்ல கதவ சாத்திட்டுன்னா எப்படி?"

"நீ சொன்னது?"

காதைச் சொறிந்தான். "அதுவும்தான் லா."

7 ஆகஸ்ட், வியாழன்

பேசிவிட்டேன்!

சொன்னது இதுதான்: ஹக்கிமின் தண்டனையைக் குணா சார் சொல்லட்டும், முகிலனுடையதை சிகு ரோஹானா சொல்லட்டும்.

கு. சார் தொண்டையைச் செருமி, "பாவம், மூணு நாள்?" என்றார் மலாயில். சிகு ரோ.: முகிலனுக்கு இரண்டு போதும். கு. சார்: அப்படியானால் ஹக்கிமுக்கு ஒன்று. தலைமையாசிரியர் சிரித்தே விட்டார். இன்னும் கொஞ்சம் விட்டால் ஆளுக்கொரு பரிசு கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

அதனால் இரண்டாவது முறையும் வாய் திறந்தேன். வார்த்தை விழுந்த இடத்திலேயே மன்னிப்பும் கேட்கட்டும்.

முடிவு: தேர்வு எழுதலாம். முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாரம் இடைநீக்கம். அதற்கு முன் கேன்டீனில், இடைவேளையில், எல்லார் முன்னும் மன்னிப்பு.

முதல் வார்த்தையும் முதல் அடியும் ஒரே எடையா? பேருந்தில் வழியெல்லாம் அதே யோசனை. தெரியவில்லை. ஆனால் பசித்தது. இறங்கி இரண்டு பிசாங் கோரெங், சுடச்சுட வாழைப்பழ பஜ்ஜி.

11 ஆகஸ்ட், திங்கள்

மப்பும் மந்தாரமும். கேன்டீன் நிரம்பி வழிந்தது.

ஹக்கிம் முதலில். காது சிவக்க, என்ன சொன்னான் என்பதையும் அது ஏன் தப்பு என்பதையும் தெளிவாகச் சொன்னான். முகிலன் தரையோடு முணுமுணுத்தான். பின்னாலிருந்து யாரோ, "தக் டெங்கார் லா!" கேட்கவில்லையாம். ஒரே சிரிப்பு. ஹக்கிம் திரும்பி, "டியாம் லா!" வாயை மூடச் சொல்லி ஓர் அதட்டல். அடங்கியது. முகிலன் மறுபடி, உரக்க, கடைசிச் சொல் வரை.

அடுத்து சரித்திரத் தேர்வு, நான் நடத்தும் பாடம். படிக்கட்டில் முகிலன் என்னைத் தாண்டி ஓடினான், சட்டை நனைந்து.

"தட்டால அடி வாங்கினப்பகூட இப்படி வேர்க்கல டீச்சர்."

"பரீட்சைக்குப் பயமில்லையா?"

"அதுக்கென்ன டீச்சர் பயம்? ஒண்ணுமே படிக்கல!"