புல் வளர்ந்த மாதத்தில் சிங்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் கன்றுகளும் நலம்தானே? நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதுகிறேன்.

வகுப்புச் சுற்றுலா நம்ம மாரா வனவிலங்குச் சரணாலயத்துக்கா, நகுரு ஏரிக்கா என்று இன்று வாக்கெடுப்பு. நீங்கள் பாசிமணி விற்கும் வாசல் வழியாகத்தான் பேருந்து மாராவுக்குள் போகும். அதனால் மாராவுக்காக ஒரு வாரமாகத் தொண்டை வறளப் பேசியிருந்தேன். கடைசி நேரத்தில் என் வகுப்புத் தோழி நியோகாபி எழுந்தாள்.

"ஏய் நைசுலா, உங்க ஊர்தானே? சிங்கம் கண்டிப்பா தெரியுமாடி?"

"இந்த மாசம் புல்லு இடுப்புயரம். பக்கத்துல படுத்திருந்தாலும் தெரியாது."

"அப்ப புல்லு பாக்கவா போறோம்? நகுருல காண்டாமிருகம் வெட்டவெளியில மேயுது."

ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நகுரு வென்றது. எனக்கு என் வாயின் மேல்தான் எரிச்சல்.

சனிக்கிழமை எங்கள் பேருந்துக்காக வாசலில் நிற்காதீர்கள். எனக்காகக் கோர்த்து வைத்த வளையலை நரோக் நகருக்கு வரும் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். பழைய அளவே போதும், நான் இளைக்கவில்லை.

உங்கள் நைசுலா

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.