பதினொரு வயது எலும்பு

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. முக்கியமாகச் சித்தியிடம் காட்டாதே. சித்தி நல்லவள்தான், ஆனால் அவள் வாயில் ஒரு விஷயம் ஒரு ராத்திரி தங்காது, விடிந்ததும் அம்மாவுக்குப் போன் போய்விடும். இதே உறையில் அம்மா சொல்லி நான் எழுதிய கடிதம் ஒன்று இருக்கும், அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படி. இதை மட்டும் குளியலறைக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு. நானும் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், நம் வீட்டில் தாழ்ப்பாள் சரியாக விழுகிற கதவு இது ஒன்றுதானே. உறையை ஒட்டுவது எப்போதும் நான், தபாலில் போடுவது அம்மா, அதனால் இது அம்மா கையாலேயே உன்னிடம் வந்து சேரும்.

நீ சுகமா என்று கேட்டுவிட்டு இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால்தான் அம்மாவுக்குக் கடிதம் தொடங்கிய மாதிரி இருக்கும். இஸ்திரி மேசையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் சாயங்காலம் அவள் விரல்கள் மரத்துப்போய்விடுகின்றன, பேனா பிடிக்க முடிவதில்லை, நீ போன நாளிலிருந்து மூன்று வருடமாக அவள் சொல்லச் சொல்ல எழுதி எழுதி எனக்கும் வேறு மாதிரி எழுத வரவில்லை. ஆகவே முதலில் கேட்கிறேன், நீ சுகமா, கிடங்கில் இன்னும் பெட்டி தூக்க வைக்கிறார்களா, மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொள்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. நாங்கள் சுகம் என்பதை மட்டும் இந்த முறை எழுத முடியவில்லை. அப்பா பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிப்ட் மாட்டிக்கொண்டிருக்கிறார், நான் ஊரையே மேலே ஏத்துறேன், என் பொண்ணு தானாவே ஏறிடுவா என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார், வேலையிடத்தில் எல்லோருக்கும் என் போட்டோ பாடமாகிவிட்டதாம். என்னோடு ஜிம்னாஸ்டிக் பயிற்சிக்கு வந்தாளே, மாஸ்டர் கொக்கு என்று கூப்பிடுவாரே, அந்தப் பெண் ஞாபகம் இருக்கிறதா, ஒரே லீவில் ஆறு விரற்கடை வளர்ந்துவிட்டாள், மாஸ்டர் அவளைக் கம்பிக்குக் கீழே நிறுத்தி, ஏண்டியம்மா, நீயே ஒரு ஏணி, உனக்கு எதுக்குக் கம்பி என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு நானும் சிரித்தேன். இப்போது அவள் பஸ் நிறுத்தத்தில் நின்று இரண்டு கையிலும் ரொட்டி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள், அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது.

நான் ஒன்றரை வருடமாக வளரவில்லை அக்கா. நீ ஒன்பதாவது வயதில் போட்ட நீலப் போட்டி உடுப்பை அம்மா ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எனக்குப் போட்டுப் பார்ப்பாளே, அது இன்னும் எனக்குச் சரியாக இருக்கிறது. ஜிப் மேலே ஏறியதும் அம்மா கன்னத்தைத் தடவி முத்தம் கொடுக்கிறாள், பெரியவ மாதிரி சட்டுனு வளர்ந்து கெடுத்துக்கல, இவ தங்கம் என்று பக்கத்து வீட்டு ஆன்டியிடம் சொல்கிறாள். உன்னைத் திட்டுவதாக நினைக்காதே, பதினைந்து வயதில் உன்னை மாஸ்டர் வேண்டாம் என்று சொன்ன நாளில் அம்மா எப்படி இருந்தாள் என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை, இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு நம் வீட்டில் வளர்வது ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. வகுப்பில் எல்லாப் பெண்களும் வயதுக்கு வந்துவிட்டார்கள், நான் மட்டும் இல்லை, அதைச் சொன்னால் மாஸ்டர், அது வர வரைக்கும் நமக்கு டைம் இருக்கு குண்டூசி என்கிறார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டே இரண்டு வருடம் இருக்கும்.

போன வாரம் நடந்ததுதான் நான் எழுத வந்தது. மாநிலப் பயிற்சி விடுதியில் சேர வயதுச் சான்று கேட்டார்கள், பிறப்புச் சான்றிதழோடு கை எக்ஸ்ரேயும் வேண்டுமாம், மணிக்கட்டு எலும்பைப் பார்த்தே வயது சொல்லிவிடுவார்களாம். அம்மா, அப்பா, மாஸ்டர் மூன்று பேரும் என்னைக் கூட்டிப்போனார்கள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் வைத்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டார். பதினாலு என்றாள் அம்மா. எலும்புக்குப் பதினொன்னுதான் ஆகுது என்றார் டாக்டர். அம்மா பயந்துதான் போனாள், நான் பார்த்தேன், என் தோளை இறுக்கிப் பிடித்தாள். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். ஜிம்னாஸ்டிக் ஆடினா குட்டையாயிடுவாங்கன்னு ஊர்ல பேசுறது அப்படியே நிஜமில்லை, குட்டையா இருக்கற பிள்ளைங்களைத்தான் நீங்க பொறுக்கி எடுக்கறீங்க என்று மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார். நல்லாச் சாப்பிட்டு நல்லாத் தூங்கி ஆடினா எலும்பு கெட்டிப்படும், ஆனா வாரத்துக்கு முப்பது மணி நேரம் ஆடவிட்டு வயித்தையும் காயப்போட்டா உடம்பு என்ன பண்ணும், வளர்றதைத் தள்ளிப்போட்டுட்டு இருக்கறதை ஆட்டத்துக்குக் கொடுக்கும் என்றார். பிறகு படத்தில் பென்சிலால் ஓர் இடத்தைச் சுற்றிக் காட்டினார். எலும்பு நீளுகிற இடம் அதுதானாம், உள்ளங்கையை ஊன்றி ஊன்றிக் குதித்ததில் கட்டைவிரல் பக்கத்து எலும்பில் அது அகன்று ஓரமெல்லாம் பிய்ந்த மாதிரி இருக்கிறதாம். வலியோடு இப்படியே ஆடினால் அந்த எலும்பு அத்தோடு நின்றுவிடும், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்து வெளியே தள்ளும் என்றார்.

உன் கையில் இருக்கிற புடைப்பு அதுதான் அக்கா. என் பொண்ணுக்குக் கையிலேயே பதக்கம் முளைச்சிருக்கு என்று அப்பா விருந்தாளிகளிடம் காட்டுவாரே, அதேதான். அங்கே குளிர் அதிகம், அதனால் வலிக்கிறது என்று நாங்கள் உனக்கு எழுதினோம், நான்தான் என் கையால் எழுதினேன். டாக்டர் சொன்னபோது நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் உன் கைதான் ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன், நகத்தில் இருந்த கிரீஸை ரொம்ப நேரம் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

மூணு மாசம் கையை ஊனக்கூடாது, வயிறாரச் சாப்பிடணும், அப்புறம் வந்து காட்டுங்க, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து படிக்கட்டு இறங்கினோம். கீழே வந்ததும் மாஸ்டர் திடீரென்று சிரித்தார். அப்பா முதுகில் ஒரு தட்டுத் தட்டி, அண்ணே, உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கு, நீங்க எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்களே என்றார். எக்ஸ்ரே பதினொன்று என்று சொல்கிறதல்லவா, அப்படியென்றால் பதினொன்று என்றே கொடுத்துவிடுவோம், பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிரிவில் இவளைத் தொட ஆள் கிடையாது, மூன்று வருடம் சும்மா கிடைக்கிறது என்றார். அம்மா, அவ பிறந்த தேதி என்றுதான் ஆரம்பித்தாள். தேதி பேப்பர்ல இருக்கு, வயசு எலும்புல இருக்கு, எதும்மா நிஜம் என்று மாஸ்டர் கேட்டார். பஸ்ஸில் வரும்போது அம்மா முகம் மெல்ல மெல்ல மாறியதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டு நிறுத்தம் வருவதற்குள் அவள் நம்பிவிட்டாள் அக்கா. எனக்கு நிஜமாகவே பதினொரு வயதுதான் என்பது மாதிரி ஜன்னலோரம் என்னை மடியில் உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். சரியாகத்தான் இருந்தேன்.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் எழுதிய தாளில் வயது எழுதிய மேல் பாதியை மட்டும் மாஸ்டர் நகல் எடுத்துக்கொண்டார், கீழ்ப் பாதி எங்கே என்று எனக்குத் தெரியாது. நாளைக் காலையில் ஏழு மணிக்கு அலுவலகத்தில் எடை பார்த்து, உயரம் பார்த்து, அதிகாரி என்னிடமே வயதைக் கேட்டு எழுதிக்கொள்வாராம், அங்கிருந்து நேராக விடுதி. அதன்பிறகு நான் ஆறாம் வகுப்பு. விடுதியில் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், அதனால் இதற்குப் பதில் எழுதாதே.

எனக்குப் பதினாலு என்று அந்த அதிகாரியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். நான் பிறந்தபோது நீ மூன்றாம் வகுப்பு, பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாய், அதெல்லாம் சொல்லலாம் என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். கண்ணாடியில் தெரிகிற பிள்ளையைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். அப்பா பக்கத்தில் நிற்பார், அம்மா அரை நாள் லீவு போட்டு வருகிறாள், விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிற அந்தச் சிவப்புப் புடவையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னைப் பட்டினி போட்டது அம்மா மட்டும் இல்லை, நானும்தான். அவள் வைக்கிற முட்டையையும் பாலையும் பாதிதான் சாப்பிடுவேன், மீதியை ஜன்னல் வழியாகப் பூனைக்குப் போட்டுவிடுவேன், அந்தப் பூனை இப்போது ஒரு குட்டி யானை மாதிரி இருக்கிறது. உன்னைப்போல் என்னையும் அனுப்பிவிடுவார்களோ என்று அவ்வளவு பயம் எனக்கு. சின்னவள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் அம்மா சொன்னாள், நானும் அப்படியே எழுதினேன்.

நீ ஒன்றும் செய்ய முடியாது என்று தெரியும். இது வந்து சேரவே இரண்டு வாரம் ஆகும், அதற்குள் எல்லாம் எழுதி முத்திரை குத்தி முடிந்திருக்கும். யாராவது ஒருவருக்காவது என் வயது தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், இனிமேல் அதை எங்கேயும் எழுத என்னை விடமாட்டார்கள். அம்மாவைத் திட்டிப் போன் செய்யாதே, அவள் தாங்கமாட்டாள். நீ உன் கையை அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு, குளிர் என்று சொன்னால் நம்பாதே. கனமான பெட்டி வந்தால் எடுக்கமாட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் வாய் திறந்து சொல்லு. வேளைக்குச் சாப்பிடு, பால் குடி, எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும், மறக்காமல்

கதவு தட்டுகிறாள். அம்மாதான். எவ்வளவு நேரம்டா கண்ணு உள்ளயே இருக்க, வயித்தால போகுதா என்று கேட்கிறாள். போனா போகட்டும், பயப்படாத, காலைல எடை நல்லாக் குறைச்சலாக் காட்டும் என்று மெதுவாகச் சொல்கிறாள், அங்கேயே நிற்கிறாள், மறுபடியும் தட்