சின்ன இன்குபேட்டரின் சூடு

மார்ச் 4

அன்புள்ள எறும்பு,

நலமா? புது வேலைக்குப் போன பிறகு ஒரு வரி எழுதினாயா? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கத்தரி தேடி லேபின் பொது டிராயரைக் குடைந்தேன். அடியில், பச்சைக் கைக்குட்டையில் சுற்றிய கண்ணாடித் தெர்மாமீட்டர். கை சும்மா இருக்குமா? செல் வளர்க்கும் சின்ன இன்குபேட்டருக்குள் வைத்தேன். வெளித்திரை 32 டிகிரி என்று காட்டுகிறது. உள்ளே 39!

நம் ஆராய்ச்சிக் கட்டுரையே அந்தச் சூட்டை நம்பித்தானே நிற்கிறது? நாற்பதில் செல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் புரதம், முப்பத்திரண்டுக்கு இறக்கினால் சின்னப் பைகளில் ஏறி வெளிச்சவ்வுக்குப் போகும். அந்தப் பைகளுக்கு வழிகாட்டும் புரதத்தை எடுத்துவிட்டால் போகாது என்று எழுதினோம். பெரிய இன்குபேட்டரில் இடமில்லை என்று வழிகாட்டி இல்லாத செல் தட்டுகளை மட்டும் சின்னதில் வைத்தோம், ஞாபகமிருக்கிறதா? நேற்று அதே மாதிரித் தட்டுகளைப் பெரியதில் வைத்தேன். வழிகாட்டி இல்லாமலே புரதம் அத்தனையும் ஜம்மென்று போய்விட்டது. அன்று தடுத்தது சூடுதான்.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையா?

உன் சிடுமூஞ்சி

மார்ச் 11

என் அருமைச் சிடுமூஞ்சிக்கு,

சாப்பிடுகிறாயா, இல்லை இப்போதும் நின்றுகொண்டே விழுங்குகிறாயா?

மே இருபதாம் தேதி என் வேலையை நிரந்தரமாக்கக் கமிட்டி கூடுகிறது. அவர்கள் பார்க்கப்போவது அந்த ஒரு கட்டுரையைத்தான். அம்மாவையும் இங்கேயே கூட்டி வந்துவிட்டேன். இன்குபேட்டர் இப்போதுதான் கெட்டிருக்கும், நாம் செய்தபோது நன்றாகத்தான் இருந்தது. இரண்டே மாதம் வாயைத் திறக்காதே. உன் காலில் விழுகிறேன்டி.

எறும்பு

மார்ச் 19

அன்புள்ள எறும்பு,

ஐந்து தடவை செய்துவிட்டேன். அதே முடிவுதான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் இன்குபேட்டரைத் திறந்து பார்க்கிறேன்.

முன்பின் தெரியாத ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். பதினான்கு மாதமாக நம் சோதனையைச் செய்கிறாளாம், நம் முடிவு வரவில்லையாம். "என் கையிலதான் கோளாறு போல, மேடம். விட்டுட்டுப் போயிடலாமான்னு இருக்கு" என்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் எழுத?

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் இத்துடன் இருக்கிறது. உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ஏப்ரல் முதல் தேதிவரை காத்திருப்பேன். அப்புறம் என் கையெழுத்தோடு மட்டும் போகும்.

உன் மேல் கோபமில்லை. பயமாக இருக்கிறது.

சிடுமூஞ்சி

மார்ச் 27

அன்புள்ள சிடுமூஞ்சி,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கமிட்டித் தலைவரிடமும் காலையில் சொன்னேன். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். வேலை அநேகமாகப் போய்விடும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் முகவரியை அனுப்பு. கோளாறு அவள் கையில் இல்லை என்று நானே எழுதுகிறேன்.

இன்குபேட்டர் இப்போதுதான் கெட்டது என்று எழுதினேனே, அது பொய். தெர்மாமீட்டரைச் சுற்றி வைத்தது நான்தான். கட்டுரை வெளிவந்த மறுவாரம் பார்த்தேன். முப்பத்தொன்பது. உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். நீ கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகக் காட்டிக்கொண்டிருந்தாய். டிராயரை மூடிவிட்டேன்.

கைக்குட்டை யாருடையது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் பிறந்தநாளுக்கு அதை ஓரம் தைத்துக் கொடுத்தவளே நீதானே. முதல் கடிதம் எழுதும்போதே உனக்குத் தெரியும். நானாகச் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறாய்.

இனியும் அப்படிக் கூப்பிடுவாய் என்றால்,
எறும்பு