மர்ஃபி யார் என்று கேட்டீர்களே

அப்பா,

இன்று காலை கட்டிலின் கீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். அந்த வாசனை வந்ததும், நீங்கள் பின்னால் நின்று, "பாத்துப்பா, விரல மாட்டிக்காத" என்று சொல்வதுபோல இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் நம் ஒற்றை அறை வீட்டுக்காக நானே வடிவமைத்த கட்டில். உங்களுக்காகத்தான் செய்தேன். காலையில் தூக்கிவிட்டால் சுவரோடு அலமாரி மாதிரி நிற்கும். அந்த இடத்தில் என் மேஜையைப் போட்டுக்கொள்வேன். இதற்கு மர்ஃபி கட்டில் என்று பெயர் என்றேன்.

"யாருப்பா அந்த மர்ஃபி?"

"கூகுள் பண்ணிப் பாருங்கப்பா. மீட்டிங் இருக்கு."

இன்னொரு நாள், ஆபீஸ் சர்வர் படுத்துவிட்டது. "மர்ஃபி விதிடா. கெடக்கூடியது கெட்டே தீரும்" என்று போனில் கத்திக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்குக்குத் தோல் சீவியபடி, "அதே ஆளா? கட்டிலும் போட்டுட்டு சட்டமும் போட்டிருக்காரே" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை. பேசாமல் இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

கட்டிலை மடித்ததும் நீங்கள் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவீர்கள். சாப்பாட்டுக்குத்தான் திரும்புவீர்கள். ரிட்டயரானதும் பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். நல்லதாகப் போயிற்று என்றும் நினைத்தேன்.

உங்கள் பத்தாம் நாள் காரியத்துக்கு அங்கே போனபோது, படித்துறையில் பூ விற்கும் அக்கா ஒரு தூணைக் காட்டினார்.

"அப்பா இங்கதான் துண்ட விரிச்சுப் படுத்திருப்பாரு தம்பி. ராத்திரியெல்லாம் இருமல், தூக்கமில்லம்பாரு. வீட்டுல போய்ப் படுங்களேன்னா, 'பையன் வேலை பாக்குற நேரம், கட்டில் செவுத்துல ஏறிடும்'னு சிரிப்பாரு. நீங்க செஞ்ச கட்டிலாமே? போறவங்க வர்றவங்க கிட்டயெல்லாம் அதான் பெருமை."

அந்த இருமல் எனக்கும் கேட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்கினேன்.

கூகுளில் பார்த்துவிட்டேன் அப்பா. மர்ஃபி என்பது அயர்லாந்தில் ரொம்பச் சாதாரணமான குடும்பப் பெயர், நம் ஊரில் தெருவுக்கு நாலு ரங்கராஜன் மாதிரி. கடல் வீரன் வழிவந்தவர்கள் என்று அர்த்தமாம். கட்டில்காரர் வேறு, விதிக்காரர் வேறு. அந்த ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கே கதி என்று இருந்ததால், கிழங்கையும் மர்ஃபி என்று பேச்சில் சொல்வார்களாம். அன்று நீங்கள் தோல் சீவிக்கொண்டிருந்ததும் மர்ஃபிதான். சொல்லியிருந்தால் வாரக்கணக்கில் சிரித்திருப்பீர்கள். இதைத் தேடிப் படிக்க ஒரு காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

கீல் துருப்பிடிக்கிறது என்றுதான் எண்ணெய் விட்டேன், மடிக்க அல்ல. நீங்கள் போனதிலிருந்து கட்டில் பகலிலும் விரித்தபடியேதான் கிடக்கிறது. நான் சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்து, நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள், இடத்தை அடைக்கிறதே என்கிறார்கள்.

அடைக்கட்டும்.