வானத்தில் ஒரு புள்ளி

ஞாயிறு, ராத்திரி.

எங்கள் போட்டோ குரூப்பில் ஜெபின் இன்று ஆரல்வாய்மொழி காற்றாலைப் படம் போட்டான். எல்லாரும் மேகத்தைப் புகழ்ந்தார்கள். என் கண் வானத்தின் இடது மூலையில் நின்றுவிட்டது. அங்கே மங்கலாக ஒரு புள்ளி. அது என் கேமராவின் புள்ளி. முட்டம் கடற்கரையில் லென்ஸ் மாற்றும்போது சென்சாரில் ஒட்டிய தூசி. அதற்குப் பிறகு எந்தப் படம் எடுத்தாலும் அதே இடத்தில் விழும்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாடல் கேமரா. போன மாதம், "ரெண்டையும் நானே கிளீன் பண்ணித் தாரேன் மக்கா" என்று என்னுடையதையும் வாங்கிப்போனான். சுத்தமாகத் திரும்பி வந்தது. சந்தோஷப்பட்டேன். அவன் கேமரா கல்யாண வீடு கல்யாண வீடாக அடிபட்டது. என்னுடையது அலமாரியை விட்டு இறங்கியதே குறைவு.

சாயங்காலம் போன் போட்டேன். "ஏலே, உன் படத்துல ஒரு புள்ளி கிடக்கே, பாத்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் சொன்னான்: "மாறியெல்லாம் போகல மக்கா. உன் ஸ்ட்ராப் உன் கேமராவுலதானே கிடக்கு."

கேமரா வாங்கிய பெட்டி பரண்மேல் இருக்கிறது. அதிலுள்ள சீரியல் நம்பரை என்னிடம் இருக்கும் கேமராவோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏணியை எடுக்க மனசு வரவில்லை.

மாறிப்போச்சா என்று நான் கேட்கவே இல்லையே.